புராஸ்டேட் சர்ஜரி முடிந்து வெள்ளியங்கிரி ஏறலாமா?

கோவைக்காரன்:
அப்பாவுக்கு 62 வயது. ரோபோ சர்ஜரியில் புராஸ்டேட் சுரப்பியை முழுசா எடுத்து 8 வாரம் ஆச்சு. சமதரையில் தினமும் 4 கி.மீ. நடக்கிறார். இருமினால், குனிந்தால் சிறுநீர் கசியுது. பங்குனியில் மலை ஏறியே தீரணும்னு பிடிவாதம். என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பிசியோ செல்வி:
இருமலுக்கே கசிந்தால் இந்த சீசன் வேண்டாங்க. வெளிக்காயம் ஆறியிருக்கும். ஆனா புராஸ்டேட்டை வெளியே எடுத்த தொப்புள் பக்கத்து வெட்டு உள்ளே கெட்டிப்பட மாதங்கள் ஆகும். மூச்சைப் பிடித்து முக்கி ஏறினால் அங்கே ஹெர்னியா (குடலிறக்கம்) வரலாம், தொடையிடுக்கிலும் வரலாம்.

சிறுநீரை அடக்குவது மாதிரி உள்ளே இறுக்கச் சொல்லுங்க: 5 விநாடி பிடித்து, 5 விநாடி விடணும். 10 முறை, நாளுக்கு 3 வேளை. போகப் போக 10 விநாடி. விதை லேசா மேலே ஏறினால் சரியான தசை. பிட்டம் இறுகினால் தப்பு. சிறுநீர் கழிக்கும்போதே செய்து பார்க்க வேண்டாம்.

அடுத்தது மாடிப்படி. காலைத் தூக்கும் முன் இறுக்கி, மூச்சை விட்டபடி ஏறணும். 10 நிமிஷத்தில் தொடங்கி வாராவாரம் கூட்டுங்க. ஒரு மணி நேரம் ஏறி இறங்கியும் கசிவுக்கு வைக்கிற பேட் நனையலைன்னா முதுகில் 2 கிலோ. கசிவு பெரும்பாலும் இறங்கும்போதுதான். தசை களைத்திருக்கும், ஒவ்வொரு படியும் குலுக்கும்.

மலையேறி:
கசியும்னு தண்ணியைக் குறைப்பாங்க, அதுதான் வினை. சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பை எரிந்து அவசரம் கூடும். அடிக்கடி ரெண்டு மடக்கு குடிக்கட்டும். டீ, காபி கீழே வந்த பிறகு. பேட் நழுவாம இருக்க இறுக்கமான ஜட்டி. வாசலின் தொடையில் மட்டும், பேட்டில் பட்டால் உறிஞ்சாது. அடிவாரத்தில் பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கோங்க. நனைந்த பேட்டை ஜிப் கவரில் போட்டுக் கீழே கொண்டு வாங்க, காட்டில் எறியாதீங்க.

கோவைக்காரன்:
சரி, அடுத்த வருஷம்னு பேசிப் பார்க்கிறேன். நடுவில் சிறுநீரில் ரத்தம் வந்தால்?

யூரோ நர்ஸ்:
லேசான ரோஸ் நிறம்னா ஓய்வு, தண்ணி. மறுநாளும் இருந்தால் டாக்டர். கட்டியா வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலும், திடீர்னு மூச்சு வாங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிதான், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். புற்றுநோய்க்குன்னு ஹார்மோன் ஊசி போடுறாங்களா? அதில் எலும்பும் தசையும் இளைக்கும், முன்கூட்டியே கேட்டுக்கோங்க. டாக்டரிடம் "நடக்கலாமா"ன்னு கேட்டால் தாராளமான்னுதான் சொல்வார். ஏழு மலை, கல்படி, ராத்திரி ஏற்றம்னு விவரமா சொல்லிக் கேளுங்க.