பள்ளிக்குப் பொன்விழா, வரலாறு எழுதச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஈரோட்டுக்காரன் கேட்டது:

வரும் ஜூனில் நான் படித்த மெட்ரிக் பள்ளிக்கு ஐம்பது வயது. பொன்விழா மலரில் பள்ளி வரலாறு பத்துப் பக்கம் நான் எழுத வேண்டுமாம். "அப்பவே தமிழ்க் கட்டுரையில நீதானப்பா முதல் மார்க்கு" என்று கரஸ்பாண்டன்ட் தலையில் கட்டிவிட்டார். கையில் கொடுத்தது ஆண்டு விழா ஆல்பம் மூன்று, கோப்பைப் பட்டியல் ஒன்று, 1976 என்று செதுக்கிய கல்வெட்டின் படம் ஒன்று. பள்ளியைத் தொடங்கிய ஐயா காலமாகிவிட்டார். இதை வைத்து எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் வரும். பள்ளியில் வேலை பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.

கடைசிபெஞ்ச்:

முதல் பக்கம் அமைச்சர் வாழ்த்து, ரெண்டாம் பக்கம் கலெக்டர் வாழ்த்து, மூணாம் பக்கம் நகைக்கடை விளம்பரம். மிச்சம் ஏழு பக்கத்துக்கா இவ்வளவு கவலை?

சாக்பீஸ் டீச்சர்:

தம்பி, ஒரு மெட்ரிக் பள்ளியில் 33 வருஷம் தமிழ் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். 1984இல் நான் சேர்ந்தபோது அஞ்சாவது வரைதான். ஒரு வீட்டுத் திண்ணை, பின்கட்டில் ஓலைக் கொட்டகை, சம்பளம் 250 ரூபாய். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஆல்பத்தை அல்ல, அட்மிஷன் ரெஜிஸ்டரை. ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள்.

அதில் "தந்தை தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் ரெஜிஸ்டரில் முதல் நாலு பக்கமும் டாக்டர், பேங்க் ஆபீசர், மளிகை மொத்த வியாபாரம், மறுபடியும் பேங்க். 90க்கு அப்புறம் லாரி ஓட்டுநர் வருகிறார், தறி வருகிறது, கொத்தனார் வருகிறார். 2013 வாக்கில் கல்வி உரிமைச் சட்டத்து 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகள். அந்தப் பக்கத்தில் நாலு இடத்தில் "கூலி". ஊர் எப்படி இங்கிலீஷ் மீடியத்துக்குள் வந்தது என்பது அந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது. ஆனால் யார் பேரையும் மலரில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கூரை. எந்த வருஷம் எந்தக் கட்டடம், ஏன் என்று கேளுங்கள். எங்கள் பள்ளி ஆசைப்பட்டு வளர்ந்ததைவிட, யாரோ உத்தரவு போட்டு வளர்ந்ததுதான் அதிகம். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் சமையற்கட்டுத் தீ கீற்றுக் கூரையில் ஏறி 94 பிள்ளைகள் போனார்கள். எங்கள் மூணாவது மூன்று செக்‌ஷனும் கொட்டகையில்தான் நடந்துகொண்டிருந்தது. ஓலையைப் பிரிக்கச் சொல்லி அரசு உத்தரவு வரும் முன்பே, மறுநாள் காலையில் கரஸ்பாண்டன்ட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளோடு ஆளாக ஏறிவிட்டார். நாங்கள் கீழே நின்று கீற்றை வாங்கி வாங்கிப் போட்டோம். இறவாணத்திலிருந்து என்னென்ன விழுந்தது தெரியுமா? காகித ராக்கெட், பாதி பென்சில், கோலிக்குண்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்காத ராங்க் கார்டு ஒன்று. கணக்கில் 18. சுருட்டிச் செருகி வைத்திருக்கிறான். யாருடையது என்று எனக்குத் தெரியும், அப்போது அவன் காலேஜில். பேச்சே இல்லாமல் இருந்த இடத்தில் அதைப் பார்த்துத்தான் ரெண்டு டீச்சர் வாய்விட்டு அழுதார்கள்.

ஒன்பது மாசம் மாட்டுச்சந்தை மைதானத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் வகுப்பு. கான்கிரீட் வந்தது அதற்குப் பிறகு. தாசில்தாரிடம் கட்டட உரிமம், இன்ஜினியரிடம் உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று, எல்லாம் ஃபைலில் தேதியோடு இருக்கும். கட்டட வரலாறு இலவசம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. டாப்பர் பட்டியல் போடுவீர்கள். பழைய மெட்ரிக் பத்தாவது 1100 மார்க்குக்கு. எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடம் என்று சமச்சீர் வந்து 2012லிருந்து 500க்கு. "1012" என்று ஒரு படமும் "491" என்று ஒரு படமும் பக்கத்தில் பக்கத்தில் போட்டதற்கு, எங்கள் வெள்ளி விழா மாணவி ஒருத்தி இன்றைக்கும் சண்டைக்கு வருகிறாள். எத்தனைக்கு என்று கீழே போடுங்கள். 2020, 2021 ரெண்டு வருஷமும் பத்தாவது பொதுத்தேர்வே கிடையாது, எல்லாரும் பாஸ். அதை "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று போட்டால் ஊர் சிரிக்கும்.

தராசு:

டீச்சர் சொன்னது சரி, ஆனால் ஃபீஸ் ரசீதை விட்டுவிட்டார்கள். 2009இல் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, அரசு அமைத்த கோவிந்தராஜன் கமிட்டி பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயித்தபோது எங்கள் ஊரில் பெற்றோர் கேட்டில் உட்கார்ந்தார்கள். அதெல்லாம் மலரில் வருமா?

சாக்பீஸ் டீச்சர்:

வராது தராசு சார், விளம்பரம் கொடுப்பவர்களும் அதே ஆட்கள்தானே. ஆனால் ரசீது கேட்டால் சம்பளப் பதிவேட்டையும் கேளுங்கள். நான் முதலில் இருந்த வேறொரு பள்ளியில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறு தொகை. ரெண்டு கணக்கும் சேர்ந்ததுதான் தனியார் பள்ளி.

ஈரோட்டுக்காரன்:

டீச்சர், ரொம்ப நன்றிங்க. ஒரு குழப்பம். கல்வெட்டில் 1976, அங்கீகார ஆணையில் 1981. எது ஆரம்பம்? இன்னொன்று, எங்கள் பள்ளிக்கு ஹாஸ்டலே கிடையாது. அதைப் பற்றி எழுத ஏதாவது இருக்குமா?

சாக்பீஸ் டீச்சர்:

ரெண்டும் ஆரம்பம்தான். பள்ளி திண்ணையில் தொடங்கும், அங்கீகாரம் பின்னாடி ஆடி அசைந்து வரும். மெட்ரிக் தேர்வையே ஒரு காலத்தில் பல்கலைக்கழகம்தான் நடத்தியது, 1978இல்தான் அரசு தனி வாரியம் அமைத்தது. அந்த இடைவெளியில் உங்கள் முதல் செட் பிள்ளைகள் எங்கே போய்ப் பரீட்சை எழுதினார்கள் என்று கேளுங்கள், அதில் கதை இருக்கும்.

ஹாஸ்டல் இல்லாதது பெரிய கதை தம்பி! எங்களுக்கும் இல்லை. 90களின் கடைசியில் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளையெல்லாம் பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல், ராசிபுரம் ஹாஸ்டல் பள்ளி என்று பெட்டி தூக்கிவிடும். எங்கள் பிளஸ் ஒன் ரெண்டு செக்‌ஷன் ஒன்றானது. நாமும் ஹாஸ்டல் கட்டிவிடலாம் என்று கரஸ்பாண்டன்ட் இடம்கூடப் பார்த்துவிட்டார். அவர் வீட்டம்மாதான் மறித்தார். "சாயங்காலம் நாலரைக்கு மேல அடுத்தவங்க பிள்ளைய வச்சுக்கிட்டுத் தூங்க எனக்குத் தெம்பு இல்லைங்க." அவ்வளவுதான் விவாதம்.

ஹாஸ்டல் காசு வேனுக்குப் போனது. பழைய மெட்டடார் ஒன்று, பிறகு மூன்று, நான் விடைபெறும்போது பதினொன்று. ரூட் ஒன்று கூடினால் மூன்று கிராமம் கூடும், எல்.கே.ஜி. ஒரு செக்‌ஷன் கூடும். ரூட் நோட்டு டிரைவரிடம் இருந்தால் வாங்குங்கள், அதுதான் உங்கள் பள்ளியின் வரைபடம். 2012இல் பள்ளி வாகனத்துக்குத் தனி விதி வந்த பிறகு மே மாதம் வண்டியெல்லாம் ஆர்.டி.ஓ. முன்னால் வரிசை கட்டும். எங்கள் டிரைவர்களுக்கு அதுதான் பொதுத்தேர்வு.

2011ஐயும் விட்டுவிடாதீர்கள். ஜூனில் பள்ளி திறந்தாச்சு, சமச்சீரா பழசா என்று வழக்கு. ஆகஸ்ட் 9இல் சுப்ரீம் கோர்ட் சொல்லும்வரை கையில் புத்தகம் இல்லை. நான் எட்டாவதுக்கு ரெண்டு மாசம் விடுகதையும் பழமொழியும் எடுத்தேன். என் வாழ்நாளில் நான் நன்றாகப் பாடம் நடத்தியது அப்போதுதான்.

ஈரோட்டுக்காரன்:

இன்று ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டேன் டீச்சர். சேர்க்கை எண் 1, மூன்றே மாதத்தில் டி.சி. வாங்கிப் போயிருக்கிறான். காரணம்: தந்தைக்கு மாற்றல். தந்தை தொழில்: தாலுகா ஆபீஸ். சேர்க்கை எண் 2 கரஸ்பாண்டன்ட்டின் மகளேதான். முதல் வருடம் மொத்தம் பதினேழு பேர். பதினைந்தாவது வரியில் "சலவை" என்று இருக்கிறது, 1976இலேயே! அவர் எப்படி ஃபீஸ் கட்டினார் என்று கேட்டேன். ஆபீஸ் அம்மா சிரித்துவிட்டு, "ஐயா வேட்டியெல்லாம் யாரு வெளுத்தாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கலாமா?

சாக்பீஸ் டீச்சர்:

ஜெராக்ஸ் வேண்டாம், பைண்டிங் விட்டுப்போகும். ஜன்னல் ஓரம் வைத்து போட்டோ எடுங்கள். பதினைந்தாவது வரியின் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்று அந்த அம்மாவிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியும்.