கிரேட் நிகோபார்: துறைமுகம் வேண்டும், சரி. காட்டை யாரைக் கேட்டு வெட்டுவது?

முத்துநகர் செல்வா
அந்தமான் நிகோபாரின் தெற்குக் கோடித் தீவான கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என்று அரசு ஒரு பெரிய திட்டம் போட்டிருக்கிறது. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே "காடு போச்சு, பழங்குடி போச்சு" என்று ஒரே ஒப்பாரி. எதிர்ப்பக்கம் பேச ஒருவராவது வேண்டாமா? நானே தொடங்குகிறேன்.

நான் தூத்துக்குடியில் கண்டெய்னர் தொழிலில் இருப்பவன். எங்கள் பெட்டிகள் நிறைய, சின்ன ஃபீடர் கப்பலில் ஏறிக் கொழும்புக்குப் போகும். அங்கே இறக்கி, யார்டில் அடுக்கி, பெரிய கப்பலான மதர் வெசல் வரும்வரை கிடந்து, அப்புறம்தான் ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும். ஏற்று கூலி, இறக்கு கூலி எல்லாம் வெளிநாட்டுக்கு. இப்படிக் கப்பல் மாறும் இந்தியச் சரக்கில் முக்கால்வாசி கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிள்ளான் என்று வெளியேதான் கையாளப்படுகிறது. துறைமுகம் வரப்போகும் கலாத்தியா வளைகுடாவிலோ இயற்கையாகவே 20 மீட்டர் ஆழம். மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதை சுமார் 40 கடல் மைல் தூரத்தில். அதே தீவின் காம்ப்பெல் பேயில் 2012 முதல் கடற்படைத் தளமும் இருக்கிறது. 900 சதுர கிலோமீட்டருக்கு மேல் உள்ள தீவில் சுமார் 8,000 பேர். யாருக்கு என்ன நஷ்டம்?

கானகி
செல்வா அண்ணே, நீங்கள் கணக்குக்காரர், கணக்கிலேயே பேசுவோம். திட்டத்துக்கு மொத்தம் 166.10 சதுர கிலோமீட்டர். துறைமுகத்துக்கு 7.66. விமான நிலையத்துக்கு 8.45. மின் நிலையத்துக்கு 0.39. மிச்சம் 149.60 எதற்குத் தெரியுமா? நகரியத்துக்கு. நீங்கள் பெட்டிக்கும் கடற்படைக்கும் வாதாடுகிறீர்கள், எடுக்கிற இடத்தில் பத்தில் ஒன்பது பங்கு வீட்டுமனைக்கும் ஓட்டலுக்கும் கடைத்தெருவுக்கும். மூன்றரை லட்சம் பேர் வருவார்கள் என்பது திட்டத்தின் கணக்கு.

அந்த நிலத்தில் 130.75 சதுர கிலோமீட்டர் காடு. 9.64 லட்சம் மரங்கள் என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். அது மழைக்காடு. ஒரு பெரிய மரம் சாய்ந்தால் அதில் தொற்றிய கொடி, அதன் நிழலில் நிற்கும் பிரம்பு, தாழை எல்லாம் சேர்ந்து போகும். தாழை என்றால் நமக்குப் பூ. தீவின் காட்டில் வாழும் ஷோம்பென் பழங்குடி மக்களுக்கு அதன் பழம்தான் சோறு. பலாக்காய் அளவு பழத்தை வேகவைத்து, நாரிலிருந்து சதையைச் சுரண்டிப் பிசைந்து சாப்பிடுவார்கள். இதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவதாகத் திட்டம் போட்டார்கள். கேட்டுச் சிரிக்கவும் முடியவில்லை.

முத்துநகர் செல்வா
காகிதத்தில் உள்ள மொத்தப் பரப்பும் நாளைக்கே மொட்டையாகிவிடாது தங்கச்சி. 30 ஆண்டுகளில் படிப்படியாகச் செய்வது. ஷோம்பென் யாரையும் இடம் பெயர்க்க மாட்டோம் என்று அரசு சொல்கிறது. பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய காப்பிடத்தில் 84.10 சதுர கிலோமீட்டர் எடுக்கிறார்கள், வேறு பக்கத்தில் 76.98 சேர்க்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. 2011 கணக்கெடுப்பில் ஷோம்பென் 229 பேர். அவர்கள் பிள்ளைகள் காலம் முழுக்கக் காட்டிலேயே பன்றி வேட்டையாட வேண்டும், நம் பிள்ளைகள் மட்டும் படித்து வெளிநாடு போக வேண்டும். இது என்ன நியாயம்?

வக்கீல் ராஜாங்கம்
பிள்ளைகளைப் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. பக்கத்தில் அந்தமானிலேயே பதில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு நடுவில் கிரேட் அந்தமானிகள் என்ற பழங்குடிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். குடியேற்றம் வந்தது, தட்டம்மை வந்தது, மேக நோய் வந்தது. இன்று ஐம்பது அறுபது பேர். அங்கேயே ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் போன டிரங்க் ரோடை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டது, ரோடு இன்னும் ஓடுகிறது. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு 229 பேர் பக்கத்தில் மூன்றரை லட்சம் பேரைக் கொண்டுபோய் வைப்பதை முன்னேற்றம் என்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் இனப்படுகொலை பற்றி ஆராயும் 39 அறிஞர்கள் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதியது சும்மா இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். 2006 வன உரிமைச் சட்டப்படி காட்டை வேறு வேலைக்குக் கொடுப்பதற்கு முன் அங்கே வாழ்கிறவர்களின் உரிமையை முடிவுசெய்து, அவர்கள் சம்மதத்தையும் வாங்க வேண்டும். வெளியாரோடு பேசவே விரும்பாத மக்களிடம் யார் போய்ச் சம்மதம் வாங்கியது? அவர்களுக்காக ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டால் செல்லுமா? எனக்கு இதுதான் முழு வழக்கும். 2015-ல் அரசே வெளியிட்ட ஷோம்பென் கொள்கை, பெரிய திட்டம் எது வந்தாலும் அவர்கள் நலனுக்கு முன்னுரிமை என்கிறது.

தீவின் இன்னொரு பழங்குடியான நிகோபாரியரின் குழு 2022 ஆகஸ்டில் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொடுத்தது உண்மை. அதே குழு நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. சுனாமிக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களும் திட்டத்துக்குள் வருகின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது என்றார்கள். அந்த முதல் கடிதத்தை மட்டும் இன்னும் சிலர் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தீவுக்காரர் மகள்
இரண்டு பக்கமும் எங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 1969-லிருந்து 1980 வரை முன்னாள் ராணுவத்தினர் சுமார் 330 குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். பஞ்சாபிகள், மராட்டியர்கள், தமிழர்கள் எல்லாரும் உண்டு. என் அப்பா அந்த வகை. காட்டை வெட்டித்தான் எங்களுக்குத் தென்னையும் கமுகும் வந்தது, அதை மறைக்கவில்லை. 2004-ல் சுனாமி வந்தபோது நடந்த நிலநடுக்கத்தில் தீவின் தெற்கு முனை நாலு மீட்டருக்கு மேல் இறங்கியது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடியில் அதிலிருந்து கடல்தான்.

கப்பல் வந்தால்தான் கடையில் தக்காளி. அது அழுகும்வரை ஒரு விலை, அடுத்த கப்பல்வரை இன்னொரு விலை. பெரிய ஆபரேஷன் என்றால் போர்ட் பிளேர், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரம். மழை பிடித்தால் ஹெலிகாப்டரும் கிடையாது. அதனால் ஊரில் நிறையப் பேர் திட்டம் வரட்டும் என்றுதான் இருந்தார்கள். நிலத்தை எடுக்கப்போகிறார்கள், இழப்பீடு இவ்வளவுதான் என்ற பேச்சு கிளம்பியதும் அவர்களே முணுமுணுக்கிறார்கள்.

ஷோம்பென் பேசவே மாட்டார்கள் என்பதும் முழுசாகச் சரியில்லை. ஒரு சிலர் ரோட்டுப் பக்கம் தேன் கொண்டுவருவார்கள், அரிசி, துணி வாங்கிப்போவார்கள். ஆனால் காட்டின் உள்ளே இருப்பவர்கள் யாரையும் கிட்டவே விடமாட்டார்கள். தேன் விற்க வந்தவரின் தலையாட்டலை எல்லாருடைய சம்மதமாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிள்ளான் மணி
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். சரவாக்கில் பக்குன் அணைக்காகக் காட்டு மக்கள் சுமார் 10,000 பேரைச் சுங்கை ஆசாப்புக்கு மாற்றினார்கள். புது நீளவீடு, பள்ளிக்கூடம், கிளினிக் எல்லாம் கொடுத்தார்கள். நிலம் குடும்பத்துக்கு 3 ஏக்கர். ஆறும் வேட்டைக்காடும் வைத்திருந்தவர்கள் அதில் என்ன செய்ய முடியும்? எல்லாரும் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல வரவில்லை, பிள்ளைகள் சிலர் நன்றாகப் படித்தார்கள். ஆனால் "ஈடாக நிலம் தருகிறோம்" என்ற வாக்கியத்தை நாங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டோம்.

செல்வா அவர்களுக்கு ஒரு வார்த்தை. கிள்ளானில் பாதிப் பெட்டிகள் வேறு நாட்டுச் சரக்குதான். மீதிக்கு எங்கள் தொழிற்சாலைகள் பின்னால் நிற்கின்றன. கலாத்தியாவுக்குப் பின்னால் என்ன சரக்கு இருக்கிறது?

கானகி
அதைத்தான் கேட்க வந்தேன். தூத்துக்குடிக்காரருக்குக் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் கூப்பிடு தூரம். சர்வதேசப் பாதையிலிருந்து 10 கடல் மைல். 2024 டிசம்பரில் வணிகம் தொடங்கி, 2025 ஜூனில் உலகிலேயே பெரிய கண்டெய்னர் கப்பல்களில் ஒன்றான எம்.எஸ்.சி. ஐரினா வந்து நின்றுவிட்டது. உங்கள் பெட்டி நிகோபார் போகவே போகாது.

முத்துநகர் செல்வா
என் பெட்டி போகாது, சரி. கொல்கத்தா, சிட்டகாங், யாங்கோன் பெட்டிகள் விழிஞ்ஞம் வந்து சுற்றுமா? வங்கக் கடல் சரக்குக்கு நிகோபார்தான் வழியில் இருக்கிறது. சிங்கப்பூர் மட்டும் தொழிற்சாலை முளைத்த பிறகா துறைமுகம் ஆனது? பின்னால் சரக்கு இல்லை என்பதற்காகத்தான் நகரியம். இரண்டையும் பிரித்துப் பேசுவது எளிது, நடத்துவது கஷ்டம். விழிஞ்ஞத்துக்கும் 2022-ல் மீனவர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள், ஞாபகம் இருக்கட்டும். எந்தத் துறைமுகம் எதிர்ப்பில்லாமல் வந்தது?

வக்கீல் ராஜாங்கம்
மறியல் செய்ய முடிந்தவர்கள் செய்தார்கள் சார். ஷோம்பென் எந்த ரோட்டில் வந்து உட்காருவார்கள்?

முத்துநகர் செல்வா
அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் வேண்டும் என்பதில் நான் அப்படியேதான் இருக்கிறேன். 149.60 மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. கடற்படைக்கும் கப்பலுக்கும் அவ்வளவு தேவைப்படாது என்பது தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும்.

கானகி
நகரியம் வேண்டாம், கலாத்தியாவில் துறைமுகமும் வேண்டாம் என்று ஒரு மனு தயாராகிறது. லெதர்பேக் கடலாமை முட்டையிடும் கரை அது. 2021-ல் சரணாலயம் என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போடுகிறீர்களா அண்ணே?

முத்துநகர் செல்வா
துறைமுகப் பத்தியை எடுத்துவிட்டு அனுப்பு, போடுகிறேன்.

கானகி
அந்தப் பத்தியை எடுக்க மாட்டேன்.

தீவுக்காரர் மகள்
ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் எங்கள் ஊரிலும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். அடுத்த கப்பலுக்குள் அனுப்புங்கள்.