வியாழக்கிழமை அம்மாவை யார் கூட்டிப்போவது?

குழு: பண்ருட்டி வீடு
செவ்வாய், 14

கவிதா (காலை 7:10): எல்லோருக்கும் ஒரு விஷயம். அம்மாவுக்கு வியாழன் காலை 10 மணிக்கு யோகா தெரபி. பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில். முட்டிக்கும் தோள்பட்டைக்கும். எலும்பு டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார். எனக்குச் சென்னையில் லீவு கிடைக்காது. பாலாவுக்குக் கடை. யார் கூட்டிப்போகிறீர்கள்?

விஜயா சித்தி: யோகாவா? இந்த முட்டியை வைத்துக்கொண்டா?

அருண்: பெரியம்மா சிரசாசனம்

மஞ்சு: அருண்!!

ராஜேந்திரன் சித்தப்பா: நான் கூட்டிப்போகிறேன். கார் சும்மாதான் நிற்கிறது.

விஜயா சித்தி: ஒன்றும் வேண்டாம். பாண்டிச்சேரி எல்லைச் சாராயக் கடைகள் இருக்கும் கன்னியக்கோயில் தாண்டித்தான் பிள்ளையார்குப்பம். கார் கன்னியக்கோயிலிலேயே நின்றுவிடும்.

பாலா: சித்தி

ராஜேந்திரன் சித்தப்பா: நல்லதுக்குக் காலமில்லை.

அம்மா: [குரல் பதிவு 1:52]

கவிதா: அம்மா, மிக்ஸி சத்தம்தான் கேட்கிறது.

மஞ்சு: அத்தை சொன்னது இதுதான். கீழே உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவாராம், எழுந்திருக்க கிரேன் வர வேண்டுமாம். சுடிதார் போடச் சொன்னால் வரவே மாட்டாராம்.

சுந்தரம் மாமா (7:41): அனைவருக்கும் வணக்கம். இதில் அனுபவப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். யோகா வகுப்பு வேறு, யோகா தெரபி வேறு. வகுப்பில் முப்பது பேருக்கும் ஒரே பாடம். தெரபியில் ஆளைப் பார்த்துப் பாடம். நெய்வேலியிலிருந்து ஓய்வு பெற்று வந்த புதிதில் இடுப்பு வலிக்காக நான் ஒருவரிடம் போனேன். முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆசனம் என்ற பேச்சே இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், நடுவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், காலையில் வயிறு சரியாகப் போகிறதா, என்னென்ன ஆபரேஷன் ஆகியிருக்கிறது, என்ன மாத்திரை, மனதில் என்ன பாரம், வீட்டில் யாரோடு மனத்தாங்கல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜாதகம் பார்க்க வந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

கோமதி அத்தை: கடைசிக் கேள்விக்கு என் பேரைச் சொல்லிவிட்டு வந்தார்.

அருண்: மாமா இது மெசேஜா தலையங்கமா

சுந்தரம் மாமா: இன்னும் முடிக்கவில்லை. பிறகு நடக்கச் சொன்னார், குனியச் சொன்னார், நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "குனியும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்களே, தெரியுமா?" என்றார். அறுபது வருடமாக எனக்குத் தெரியாது. மல்லாந்து படுக்க வைத்து, இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்து, மூச்சை விடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டச் சொன்னார். முதல் நாள் அவ்வளவுதான். வீட்டில் செய்ய நான்கு அசைவுகள், மொத்தம் கால் மணி நேரம். ஒரு தாளில் குச்சி மனிதன் படம் போட்டுக் கொடுத்தார். நான் அதோடு நிற்காமல் வீடியோ பார்த்து ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த முறை போனபோது அவர் கோபப்படவில்லை. நான்கை இரண்டாகக் குறைத்துவிட்டார்.

கோமதி அத்தை: அந்த இரண்டையும் ஒன்பது நாள்தான் செய்தார். பத்தாம் நாள் தேர்தல் வந்துவிட்டது.

சுந்தரம் மாமா: தேர்தல் வேலை பொதுச்சேவை.

விஜயா சித்தி: இதெல்லாம் இப்போது வந்த பேஷன். அப்பா எந்த யோகா செய்தார்? 84 வயது வரை கிணற்றில் நீர் இறைத்தார்.

சுந்தரம் மாமா: பேஷன் இல்லை விஜயா. லாஸ்பேட்டை ஆனந்த ஆசிரமத்தை சுவாமி கீதானந்த கிரி தொடங்கியது 1968-இல். அவரே மருத்துவம் படித்தவர். ஜிப்மரில் யோகா தெரபி மையம் 2008-இலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு ஜனவரியும் 4-ஆம் தேதியிலிருந்து 7 வரை பாண்டிச்சேரியில் யோகா திருவிழா

அருண்: ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது மாமா

விஜயா சித்தி: சரி, வேறு ஒரு விஷயம். திருவந்திபுரம் கல்யாணத்தில் என் நாலு அடுக்கு டிபன் கேரியர் யார் எடுத்துப் போனது? மேல் மூடியில் வி என்று கீறியிருக்கும்.

கவிதா: சித்தி ப்ளீஸ். வியாழன்.

விஜயா சித்தி: கேட்கக்கூடாதா?

மஞ்சு: அத்தைக்குக் கொண்டை போடக்கூட இடது கை எழவில்லை. ஒரு மாதமாக நான்தான் போட்டுவிடுகிறேன்.

அம்மா: இதை யாரிடமும் சொல்லாதே என்றேனே மஞ்சு

கவிதா: எனக்கே தெரியாது. போன வாரம் வீடியோவில் கேட்டபோது சும்மா சுளுக்கு என்றாயே?

அம்மா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

சுந்தரம் மாமா: சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது உண்டு அக்கா, பயப்படாதே. அங்கே போனதும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு மறைத்தால் அவர்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள், நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவாய். வலித்தால் வலிக்கிறது என்று சொல். "வேண்டாம்" என்று சொல்லவும் உனக்கு உரிமை உண்டு. கீழே உட்காரவே வேண்டாம், நாற்காலியில் செய்யலாம். கட்டிலில் படுத்துக்கொண்டும் செய்யலாம். புடவை போதும், தளர்வாகக் கட்டினால் சரி.

விஜயா சித்தி: கட்டிலில் செய்யலாமாம். அக்காவிடம் எந்தக் கட்டில் இருக்கிறது? கயிற்றுக் கட்டிலா?

கோமதி அத்தை: ஆரம்பித்துவிட்டாயா விஜயா?

விஜயா சித்தி: தானே புயலில் விழுந்தது அப்பா வைத்த பலா. அந்த மரத்தில் செய்த கட்டில் யார் வீட்டில் இருக்கிறது என்று மட்டும்தான் கேட்கிறேன்.

சுந்தரம் மாமா: 2011 டிசம்பர் 30 ராத்திரி முழுக்க நின்று, விடிந்ததும் மரத்தை அறுக்க ஆள் பிடித்தது யார்? லாரி வாடகை யார் கொடுத்தது? கணக்கு என்னிடம் இருக்கிறது.

ராஜேந்திரன் சித்தப்பா: நான் லாரி பின்னாலேயே வந்தேன். எனக்கு ஒரு டீகூடக் கணக்கில் இல்லை.

பாலா: எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள்

கவிதா: மஞ்சு, அம்மாவின் எக்ஸ்ரே, சர்க்கரை ரிப்போர்ட், கண் ஆபரேஷன் சீட்டு எல்லாம் ஒரு பையில் போட்டு வை. மாத்திரை அட்டைகளை போட்டோ எடுத்துப் போடு. கேட்பார்களாம்.

மஞ்சு (8:26): [படம்]

மஞ்சு: கவிதா, ஒன்று சொன்னால் பதறாதே. பிரஷர் மாத்திரை, அம்லோடிபின் 5. 1-ஆம் தேதி வாங்கிய அட்டை. இன்று 14. பதினைந்தில் பதினொன்று அப்படியே இருக்கிறது.

கவிதா: அம்மா???

பாலா: அம்மா

அம்மா: [குரல் பதிவு 0:38]

மஞ்சு: பக்கத்து வீட்டு அக்கா சொன்னாராம். டிவியில் வரும் மூச்சுப் பயிற்சியைக் காலையில் பத்து நிமிடம் செய்தால் மாத்திரையே தேவையில்லையாம். அந்த வயிற்றை உள்ளே தட்டித் தட்டி மூச்சு விடுவது. நான் கோலம் போடும் நேரத்தில் செய்திருக்கிறார். இரண்டு நாள் தலை சுற்றியதாம்.

சுந்தரம் மாமா: அக்கா, அது கபாலபாதி. பிரஷர் உள்ளவர்கள் அதை வேகமாகச் செய்யக்கூடாது, மூச்சை உள்ளே அடக்கி வைக்கவும் கூடாது. இன்றே நிறுத்து. நீ போகப்போகும் இடத்தில் மெதுவான மூச்சுதான் சொல்லித் தருவார்கள், அதுவும் மாத்திரையோடு சேர்த்துத்தான். மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ எழுதிக்கொடுத்த டாக்டர் வேலை. ஒரு யோகா தெரபிஸ்ட் "மாத்திரையை விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். அப்புறம், விட்டதற்கெல்லாம் சேர்த்து இன்று இரண்டு மூன்றாகப் போட்டுவிடாதே.

அருண்: இந்தத் தலையங்கம் ஓகே மாமா

ராஜேந்திரன் சித்தப்பா: பிரஷர் மெஷின் எங்கள் வீட்டில் இருக்கிறது. எடுத்து வருகிறேன்.

விஜயா சித்தி: பேட்டரி போட்டு எடுத்துப் போங்கள். போன தடவை மாதிரி வேண்டாம்.

மஞ்சு (9:15): சித்தப்பா வந்துவிட்டார். 166/94. பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தோம், 160/92. இப்போது தலை சுற்றல் இல்லை, நெஞ்சு வலி எதுவும் இல்லை.

பாலா: டாக்டருக்கு போன் போட்டேன். இன்றைய மாத்திரை ஒன்று மட்டும் இப்போது போடச் சொன்னார். மாலை 5 மணிக்கு வரச் சொல்கிறார். கடையைப் பூட்டிவிட்டு நானே கூட்டிப்போகிறேன்.

கவிதா: அப்போ வியாழன்?

சுந்தரம் மாமா: டாக்டர் சரி என்றால் போகலாம். இல்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப் போடலாம், ஒன்றும் குடி முழுகாது. எப்படியும் ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை. திரும்பத் திரும்ப வரச் சொல்வார்கள், செய்வதைப் பார்த்து மாற்றுவார்கள். தோள் இளக மாதக்கணக்காகும்.

மஞ்சு: வெறும் வயிற்றில் வர வேண்டுமா மாமா? அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை இருக்கிறதே.

சுந்தரம் மாமா: நல்ல கேள்வி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக்கூடாது. ஆனால் மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கவும் கூடாது. காலை 7 மணிக்கு இரண்டு இட்லி போதும். கையில் வெல்லமோ மிட்டாயோ வைத்துக்கொள். எதற்கும் அங்கே போன் செய்து கேட்டுக்கொள்.

அம்மா: அந்த டாக்டர் அம்மா திட்டுவாரா

கவிதா: யாரும் திட்டமாட்டார்கள் அம்மா. நான்தான் திட்டுவேன்.

விஜயா சித்தி: அக்கா, என்னிடம் சொல்லியிருக்கலாமே. நாலு தெரு தள்ளித்தானே இருக்கிறேன்.

அம்மா: நீ போன் எடுத்தால் டிபன் கேரியர் பற்றித்தான் பேசுகிறாய்

அருண்: பெரியம்மா சிக்ஸர்

ராஜேந்திரன் சித்தப்பா: வியாழன் நான் ரெடி. 9 மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

விஜயா சித்தி: நானும் வருகிறேன். முன் சீட்டில்.

கோமதி அத்தை: அண்ணி, கட்டிலை அனுப்பிவைக்கிறோம். இவர் சம்மதித்துவிட்டார்.

சுந்தரம் மாமா: நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

கோமதி அத்தை: தலையாட்டினார். பாலா, உங்கள் மஞ்சக்குப்பம் வீட்டு வாசல் அகலம் எவ்வளவு? கழற்ற முடியாத கட்டில்.

பாலா: அளந்து சொல்கிறேன் அத்தை

விஜயா சித்தி: அளக்கும்போது பரண் மேல் ஒரு கண் பார் பாலா. நாலு அடுக்கு. மூடியில் வி.