பெற்றோரை இழந்த அக்காள் பிள்ளைகள்: அரசு இல்லமா, உதவித்தொகையா, தங்கிப் பயிலும் பயிற்சியா?

கேள்வி: தாய்மாமன், வேலந்தாவளம் பக்கம்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. என் அக்காள் சென்ற ஆண்டு காலமானார். அத்தான் அதற்கு முன்பே தவறிவிட்டார். பிள்ளைகள் இருவரும் என் அம்மாவிடம் வளர்கிறார்கள். மூத்தவளுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ முடித்துவிட்டாள். இளையவன் தமிழ்வழியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். தோப்பில் கூலி வேலை செய்யும் எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

இருவரையும் அரசு இல்லத்தில் சேர்த்துவிட்டால் பதினெட்டு வயதுக்குப் பிறகும் மாதப் பணம் வரும் என்று பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். இதற்கிடையில் ஒருவர் வீட்டுக்கே வந்து, பெண்ணைத் திருப்பூர் பக்கம் ஒரு மில்லில் "தங்கிப் பயிற்சி"க்கு அனுப்பினால் சாப்பாடும் இடமும் இலவசம், மூன்று ஆண்டு முடிவில் மொத்தமாக ஒரு தொகை என்று அம்மாவின் மனத்தைக் கரைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் பொள்ளாச்சியில் பிறந்தவர்கள், ரேஷன் கார்டு கேரளத்தது. நாங்கள் எந்த மாநிலத்து அலுவலகத்தை அணுக வேண்டும்?

பதில் 1: குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்

பிறந்த ஊரையோ பேசும் மொழியையோ பார்த்து இதை முடிவு செய்வதில்லை. பிள்ளைகள் வசிப்பது பாலக்காடு மாவட்டத்தில் என்பதால், பாலக்காட்டுக் குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுமே உங்களுக்கு உரியவை. பொள்ளாச்சிப் பேருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நம் ஊர்க்காரர்கள் பலர் முதலில் கோயம்புத்தூருக்கு ஓடுகிறார்கள். அங்கே விசாரித்து, பிள்ளை வேறு மாவட்டத்தைச் சேர்ந்தது என்று கண்டால், இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 95-இன்படி சொந்த மாவட்டத்துக் குழுவைக் கலந்து கோப்பை இங்கேதான் அனுப்புவார்கள். அலைச்சல்தான் மிச்சம்.

இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பாட்டியும் மாமனும் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பணத்துக்காகப் பிரித்து விடுதியில் விடுவது எனக்கு உடன்பாடில்லை. பெரியவர் சொன்ன பணம் பின்பராமரிப்பு உதவி. அது பதினெட்டு வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்குப் பிரிவு 46 தருவது. அந்த உதவிக்காகவே ஒரு பெண்ணைச் சில மாதம் இல்லத்தில் வைத்து எடுக்கலாம் என்று யோசிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சமூக விசாரணைக்கு வருகிற அலுவலர் அக்கம்பக்கத்தில் இரண்டு கேள்வி கேட்டாலே அது வெளிப்பட்டுவிடும்.

உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் ஆதரவுத் தொகை. அது ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு அதில் இடமுண்டு. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், பிள்ளை பள்ளியை விடக் கூடாது. பதினெட்டு வரைதான் என்பதால் பெண்ணுக்குச் சில மாதமே கிடைக்கலாம், பையனுக்கு ஆண்டுக்கணக்கில் உதவும். மாவட்ட ஒப்புதல் குழு கூடி முடிவெடுக்கும்வரை பொறுமை வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கேரள அரசு தரும் சிநேகபூர்வம் உதவித்தொகையைப் பற்றியும் பையனின் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போகும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் எழுதிப் பதிலையும் அதே மொழியில் பெற வழி செய்திருக்கிறது. ஆனாலும் மலையாள நகல் ஒன்றை இணைத்தால் மேசையில் தேங்காது என்பது என் அனுபவம்.

பதில் 2: இல்லத்தில் வளர்ந்தவள்

நான் எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் இல்லத்தில் வளர்ந்தேன். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்று சொல்ல எதுவுமில்லை. வெளியேறிய நாளில் ஒரு தகரப் பெட்டியும் சான்றிதழ்கள் அடங்கிய உறையும் கையில் கொடுத்தார்கள். பின்பராமரிப்பு என்று ஒன்று உண்டு, இருபத்தொன்று வரை அது கிடைக்கும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. தோழி ஒருத்தி சொல்லித் தெரிந்தபோது எனக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது.

மில்லைப் பற்றி: சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட மில்களில் நடந்ததும் இதே பேச்சுதான். மூன்று ஆண்டு முடிவில் மொத்தத் தொகை என்றால், இரண்டரை ஆண்டில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பும் பெண்ணுக்கு என்ன கொடுப்பார்கள் என்று அந்த ஆளிடம் கேளுங்கள். விடுதியில் கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா, ஞாயிற்றுக்கிழமை தானாக வெளியே போகலாமா என்றும் கேளுங்கள்.

பதில் 3: ஐடிஐ பயிற்றுநர்

பயிற்சி என்று யார் சொன்னாலும், முடிவில் எந்தச் சான்றிதழ், அதை வழங்குவது யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். மில் கொடுக்கும் தாள் மில்லின் வாசலைத் தாண்டாது. அரசு ஐடிஐயின் தேசியத் தொழிற்சான்றிதழ் பாலக்காட்டிலும் கோவையிலும் ஒன்றுபோலச் செல்லும். மலம்புழா அரசு ஐடிஐ உங்களுக்கு எட்டும் தூரம்தான். எலக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு; பெண்கள் வெல்டிங்குக்கு வருவது குறைவு, வந்தவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். வகுப்பு மலையாளத்தில் நடக்கும் என்பதால் முதல் மூன்று மாதம் தமிழ்வழிப் பிள்ளைகள் திணறுவார்கள். அதைச் சொல்லியே அனுப்புங்கள்.

தங்கிப் படிக்கத்தான் வேண்டும் என்றால், 15 முதல் 35 வயது வரையிலான கிராமப்புற ஏழை இளைஞர்களுக்குத் தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா என்ற அரசுத் திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது; கேரளத்தில் அதைப் பெண்கள் சுய உதவி அமைப்பான குடும்பஸ்ரீ நடத்துகிறது. உங்கள் அம்மா குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கப் பெண்கள் குழு) உறுப்பினர் என்றால், பஞ்சாயத்தில் உள்ள குடும்பஸ்ரீயின் சிடிஎஸ் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். உணவுக்கும் விடுதிக்கும் பணம் கேட்கக் கூடாது; முன்பணம் கேட்பவர் அந்தத் திட்டத்தின் ஆள் அல்ல. பதினெட்டு நிறைந்த பிறகு வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி என்ற சுயதொழில் பயிற்சி மையங்களும் உண்டு. ஆறு நாளிலிருந்து ஒன்றரை மாதம் வரையிலான அந்தப் பயிற்சிகள், தையல் போலச் சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவருக்கு ஏற்றவை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மில் ஆளிடம் அந்த இரண்டரை ஆண்டுக் கேள்வியைக் கேட்டேன், அதன்பின் அவர் அழைக்கவில்லை. பெண் வெல்டர் என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டு, எலக்ட்ரீஷியன் என்றால் போகிறேன் என்கிறாள்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. பொள்ளாச்சிப் பிறப்புச் சான்றிதழில் அக்காள் பெயருக்கு முன்னால் அப்பாவின் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது. ரேஷன் கார்டில் வீட்டுப் பெயரைச் சேர்த்து, மலையாள எழுத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒருவர்தான் என்று எப்படிக் காட்டுவது?

பதில் 1: ஓய்வு பெற்றவர்

இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு அதே கதைதான். இரு பெயரும் ஒருவருடையவையே என்ற சான்றை வில்லேஜ் ஆபீசர் தருவார். அரசு இணையச் சேவை மையமான அக்ஷயாவில் விண்ணப்பியுங்கள். அதைக் கையில் வாங்கிய பிறகு பாலக்காட்டுக்குப் போங்கள், அக்காளின் இறப்புச் சான்றிதழில் இரண்டு நகல் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.