பட்டடை என்ற சொல்லைத் தேடிப்போன அனுபவம்

பல்கலைக்கழகப் பதிப்புகள் பற்றி நண்பர்கள் எழுதிவரும் அனுபவங்களோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை, ‘லெக்சிகன்’ என்று நாம் சொல்லும் அந்த நூலை, நான் முதன்முதலில் புரட்டியது ஆராய்ச்சிக்காக அன்று. என் தந்தையார் இரும்புக் கொல்லர். துருத்தியும் உலையும் சம்மட்டியும் இருந்த எங்கள் தொழிற்கூடத்தில், இரும்பை வைத்து அடிக்கும் கல்லை அவர் ‘பட்டடை’ என்றுதான் சொல்வார். ஏழாம் வகுப்பில் தந்தையின் தொழிலைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது நானும் அப்படியே எழுதினேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘பட்டறை’ என்பதே சரி என்றும், மற்றது படிக்காதவர்கள் பேசும் கொச்சை என்றும் வகுப்பறையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் என் காதுபட அந்தச் சொல்லைச் சொல்வதைத் தவிர்த்துவிட்டார்.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், நூலகத்தின் குறிப்பு நூல் பகுதியில், ஓரங்கள் மங்கிப்போன லெக்சிகன் தொகுதிகளைக் கண்டேன். பகரத்தைத் தேடி, பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், தடித்த எழுத்தில் நின்ற அந்தத் தலைச்சொல்லில் விரலை வைத்தேன். சொல்லின் பிறப்பு, கன்னடம் முதலிய உறவு மொழிகளில் வழங்கும் வடிவங்கள், ஆங்கிலப் பொருள், அதன் பின் ‘அடைகல்’ என்ற தமிழ்ப் பொருள், அதை அடுத்து மேற்கோளாக ‘சீரிடங்காணி னெறிதற்குப் பட்டடை’ என்ற அடி, குறள் 821 என்ற எண்ணோடு. உள்ளத்தால் ஒன்றாதவரின் நட்பு, தக்க சமயம் வாய்த்தால் நம்மை வீசி அடிப்பதற்கான அடைகல்லே என்று வள்ளுவர் சொல்லும் இடம் அது. அந்தப் பதிவு முழுவதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு விடுமுறையில் ஊருக்குப் போய் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சம்மட்டியைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, “வள்ளுவரும் நம்மள மாதிரிதான் சொல்லியிருக்காராப்பா?” என்று கேட்டார். தாளை வாங்கி, நீர் தெறிக்காத இடமாகப் பார்த்து, சுவரில் ஒட்டி வைத்தார்.

பின்னர் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு வந்த பிறகே, அந்த ஒரு பதிவுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. 1913இல் மதுரையில், ஜே. எஸ். சாண்ட்லர் என்ற அமெரிக்க மறைப்பணியாளரின் பொறுப்பில் தொடங்கிய பணி அது. ஐந்து ஆண்டில், ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்று கணக்கிட்டுத்தான் தொடங்கினார்கள். ஆனால் தொகுதிகள் 1924 தொடங்கி 1936 வரை வெளிவந்து ஆறாக நிறைவுற்றன. அனுபந்தம் 1939இல் வந்தது. செலவும் நான்கு லட்சத்தைத் தாண்டியது. 1926இல் பதிப்பாசிரியர் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப் பிள்ளை அதை முடித்துக் கொடுத்தார். இதற்கு முன் வந்த வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு தமிழ்-ஆங்கில அகராதியில் ஏறத்தாழ 67 ஆயிரம் சொற்கள் இருந்தன. இங்கோ அனுபந்தத்தையும் சேர்த்தால் ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்துக்கு மேல். போட்ட பணம் எப்போது திரும்பும் என்று பார்க்கும் எந்தப் பதிப்பகமும் இந்த வேலையில் கால் நூற்றாண்டு நின்றிருக்காது என்பது, அச்சுத் தொழிலில் என் நாட்களைக் கழித்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. சொற்பிறப்பு பற்றித் தேவநேயப் பாவாணர் கடுமையாகக் கண்டித்த குறைகள் அதில் இருக்கின்றன. பல சொற்களை வடமொழியிலிருந்து வந்தவையாகக் காட்டியதை நானும் ஏற்கவில்லை. ஆயினும், எந்தப் பொருளை எந்த நூலின் எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்று காட்டிச் செல்லும் அந்த ஒழுங்கு இல்லாதிருந்தால், என் தந்தையின் சொல்லுக்குச் சான்று சொல்ல எனக்கு வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

*

இந்தப் பதிவைப் படித்த ஆசிரியர் ஒருவர் எழுதிய மறுமொழி:

ஐயா அவர்களுக்கு வணக்கம். தங்கள் பதிவைப் படித்ததும், நீலகிரியில் நான் ஆசிரியராகப் பணியாற்றிய நாட்களில் நடந்த ஒன்றை எழுதத் தோன்றியது. தாங்கள் சொன்ன லெக்சிகனைத் தமிழ்ச் சொற்களுக்குப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டே, மொழியியல் அறிஞர்களான பரோவும் எமனோவும் தங்கள் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தொகுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் அச்சகம் அதை 1961இல் வெளியிட்டது; திருத்திய இரண்டாம் பதிப்பு 1984இல் வந்தது. எமனோ 1930களின் பிற்பாதியில் நீலகிரியில் தங்கி, அங்குள்ள பழங்குடிகளான தோடர், கோத்தர் ஆகியோரின் எழுத்து வடிவம் இல்லாத மொழிகளை அவர்கள் வாயிலிருந்தே கேட்டுப் பதிவுசெய்தவர். அவர் திரட்டிய தோடர் பாடல்களையும் அதே அச்சகம் 1971இல் பெருநூலாகக் கொண்டுவந்தது. அந்தப் பாடல்களை விலை கொடுத்து வாங்கக்கூடியவர்கள் உலகில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், பணம் திரும்புவதைப் பார்க்கும் பதிப்பகம் இத்தகைய வேலையில் நிற்காது என்று தாங்கள் சொல்வதன் உண்மை இன்னும் நன்றாகப் புரிகிறது.

எங்கள் பள்ளியில் தோடர் குடும்பத்து மாணவி ஒருத்தி படித்தாள். அவளுடைய தாய்மொழியைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒருநாள் அந்த அகராதியில் ‘ஆள்’ என்ற பதிவை எடுத்து, தமிழில் ஆள், கோத்தர் மொழியில் ஆள், தோடர் மொழியில் ஓள் என்று வரிசையாக வாசித்தேன். அடுத்து ‘கால்’ என்பதையும் காட்டினேன். அவர்கள் மொழியில் அது ‘கோல்’. நம் ஆகாரம் அங்கே ஓகாரமாகும் முறை இந்த இரண்டு சொற்களிலேயே தெரிந்துவிடுகிறது. அவள் நிமிர்ந்து, அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தருமாறு கேட்டாள். கொடுத்தேன். மறுவாரம் வந்து, நான் உச்சரித்தது சரியில்லை என்று தன் பாட்டி சொன்னதாகச் சொல்லி, ‘ஓள்’ என்பதை எனக்கு மூன்று முறை சொல்லிக் காட்டினாள்.