உதவி: பிளெண்டர் சுவிட்சைத் தட்டினால் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடுகிறது (வேன், 12 வோல்ட், 1000 வாட்)

ஜூஸ்வேன்_பிஎம்
எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நானும் வீட்டுக்காரரும் வேனில் ஜூஸ் விற்கிறோம். ஜெனரேட்டர் சத்தமும் புகையும் வேண்டாம் என்றுதான் பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் வாங்கினோம். 1000 வாட், மோடிஃபைட் சைன் வேவ் (அலை படிபடியாக வரும் மலிவு வகை). பிளெண்டர் 600 வாட்தான், அதனால் தாராளமாகப் போதும் என்று கடையில் சொன்னார்கள். இன்ஜின் ஓடும்போது ஒழுங்காக அரைக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு பிளெண்டரைத் தட்டினால் கீகீ என்று கத்துகிறது, இரண்டு மூன்று வினாடியில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. விளக்கும் போன் சார்ஜரும் மட்டும் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. பேட்டரி புதுசு. மாட்டிக்கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் 2000 வாட்டாக மாற்றச் சொல்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பந்தல் போட்டு மோர் கொடுக்க இதே வேனைத்தான் கொண்டுபோகப் போகிறோம், அதற்குள் சரியாக வேண்டும். மாற்றித்தான் ஆகணுமா?

பிறை_லோரி
மோடிஃபைட் சைன் வேவில் மோட்டார் ஓட்டினாலே தொல்லைதான்மா. வீட்டு மின்சாரம் போலவே வழுவழுப்பான அலை தரும் பியூர் சைன் வேவ் வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் நிம்மதி.

செந்தூல்_வயர்மேன்
தங்கச்சி, எதையும் வாங்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். இன்ஜின் ஓடும்போது அதே பிளெண்டர் அதே இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால் இன்வெர்ட்டருக்குச் சக்தி போதவில்லை என்பது சரியில்லை, அலை வடிவமும் இங்கே காரணம் இல்லை. அதற்குப் போய்ச் சேரும் வோல்ட்தான் குறைகிறது. நான்கு கேள்வி. கேபிள் எத்தனை எம்எம் (செம்பின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீட்டரில்)? பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வரை எவ்வளவு நீளம்? கறுப்பு வயர் பேட்டரிக்கே போகிறதா, வேன் பாடியில் முறுக்கியிருக்கிறதா? ஃபியூஸ் எங்கே இருக்கிறது?

ஜூஸ்வேன்_பிஎம்
அண்ணே, சிவப்பு வயர் மேல் 6 எம்எம் என்று எழுதியிருக்கிறது. பேட்டரி முன்னால், இன்வெர்ட்டர் பின்கதவுப் பக்கம், நான்கு மீட்டர் வரும். கறுப்பு வயர் சின்னது, பின்னால் பாடியில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருக்கிறார்கள். ஃபியூஸ் இன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்கிறது. இப்போது தொட்டுப் பார்த்தேன், அந்த போல்ட் நல்ல சூடு, சுற்றி பெயிண்ட் உப்பியிருக்கிறது.

செந்தூல்_வயர்மேன்
அந்த போல்ட்டை இனிமேல் நம்பாதீர்கள். வோல்ட் அளக்கும் சாதாரண மீட்டர் ஒன்று இருந்தால் போதும், இப்படி அளந்து பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பிளெண்டர் அரைக்கும்போதே பேட்டரி பிளஸ்ஸில் மீட்டரின் ஒரு முள், இன்வெர்ட்டர் பிளஸ்ஸில் இன்னொரு முள். வருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேட்டரி மைனஸ், இன்வெர்ட்டர் மைனஸ். முள்ளுக்கு வயர் எட்டாவிட்டால் ஒரு துண்டு வயரைச் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம், இந்த அளவுக்கு மெல்லிய வயரே போதும். கடைசியாக பேட்டரி வோல்ட் தனியாக, இன்வெர்ட்டர் வோல்ட் தனியாக.

ஜூஸ்வேன்_பிஎம்
வீட்டுக்காரர் அளந்தார். பிளஸ்ஸுக்குப் பிளஸ் 0.7. மைனஸுக்கு மைனஸ் 1.0. பேட்டரியில் 13.9, இன்வெர்ட்டரில் 12.2.

செந்தூல்_வயர்மேன்
விஷயம் இதுதான். 600 வாட் பிளெண்டருக்கு 240 வோல்ட்டில் 2.5 ஆம்பியர்தான். அதையே 12 வோல்ட்டிலிருந்து எடுக்கும்போது இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்து 60 ஆம்பியர் போல ஓடுகிறது. 6 எம்எம் செம்பு நான்கு மீட்டரில் 60 ஆம்பியர் போனால் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும், உங்கள் 0.7 அதுதான். பெயிண்ட் மேல் முறுக்கிய போல்ட் இன்னொரு வோல்ட்டைத் தின்கிறது, 60 ஆம்பியரை ஒரு வோல்ட்டால் பெருக்கினால் 60 வாட், ஒரு பழைய குண்டு பல்பின் சூடு முழுக்க அந்த ஒரு போல்ட்டில் இறங்குகிறது. இன்ஜின் ஓடும்போது அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 13.9 கொடுப்பதால் இந்த இழப்பு தெரியவில்லை. அணைத்தால் பேட்டரி 60 ஆம்பியர் சுமையில் 12க்குக் கீழே இறங்கும், அதில் 1.7 கழிந்தால் இன்வெர்ட்டருக்கு 10.2 போலத்தான் கிடைக்கும். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 10.5 பக்கம் வந்தால் கத்தி, 10ஐ ஒட்டி நின்றுவிடும். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் ஆம்பியர் இரண்டு மடங்குகூட ஏறும், அதனால்தான் தட்டியதுமே கத்துகிறது.

2000 வாட் மாட்டினாலும் அதே பிளெண்டர், அதே வயர், அதே இழப்பு. காசைப் போட்டுவிட்டு அதே சத்தத்தைத்தான் கேட்பீர்கள்.

பிறை_லோரி
அண்ணன் சொல்வது சரி, அளந்து பார்த்த பிறகு மறுபேச்சு இல்லை. என் 24 வோல்ட் லோரியில் அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர்தான் ஓடும், அதனால் நான் இதைக் கண்டதே இல்லை. ஆனால் ஃபியூஸ் இன்வெர்ட்டர் பக்கம் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நடுவில் வயர் தோல் உரிந்து பாடியில் பட்டால் அந்த நான்கு மீட்டருக்கும் காவலே இல்லை, ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கணும். இன்றே பேட்டரியில் அந்த வயரைக் கழற்றி வையுங்கள் தங்கச்சி, வியாபாரம் ஒரு ராத்திரி போனால் போகட்டும்.

ஜூஸ்வேன்_பிஎம்
கழற்றிவிட்டோம். நான்கு மீட்டருக்கும் தடித்த கேபிள் போடணுமா? விலை கேட்டேன், மயக்கம் வருகிறது.

செந்தூல்_வயர்மேன்
வேண்டாம். இன்வெர்ட்டரை முன்னால் கொண்டுவாருங்கள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், காற்று போகிற இடமாக, இன்ஜின் சூடும் ஜூஸ் தண்ணீரும் படாமல். பேட்டரியிலிருந்து 35 எம்எம் கேபிள், சிவப்பும் கறுப்பும் இரண்டும் பேட்டரிக்கே, ஒரு மீட்டர் போல ஆகும். பாடியை நம்ப வேண்டாம். கேபிள் முனையில் மாட்டும் லக்கை (வளையத்தை) ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்தச் சொல்லுங்கள், இடுக்கியால் நசுக்கினால் அதே சூடு அங்கே வந்து உட்காரும். பிளஸ்ஸில் 125 ஆம்பியர் ஏஎன்எல் ஃபியூஸ் (பெரிய ஆம்பியருக்கான போல்ட் வகை). உங்கள் பக்கம் கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் வருகிறவர்களிடம் புடு ஜாலான் பாசாரில் வாங்கச் சொல்லுங்கள், அந்தத் தெரு முழுக்க எலக்ட்ரானிக் சாமான் கடைகள்தான். பின்னால் பிளெண்டருக்கு 240 வோல்ட்டைக் கொண்டுபோங்கள், 1.5 எம்எம் மூன்று கோர் வயர் போதும், சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் உள்ள சாக்கெட்டாக, கை நனைந்தாலும் படாத உயரத்தில். வேலை செய்யும்போது பேட்டரி மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டணும்.

ஜூஸ்வேன்_பிஎம்
வேறொரு வயர்மேனை வைத்து அப்படியே மாற்றியாகிவிட்டது அண்ணே. இரண்டு பக்கமும் சேர்த்து 0.2கூட இழப்பில்லை. இன்ஜின் அணைத்து ஐஸ் போட்டே அரைத்துப் பார்த்தோம், கத்தவில்லை! மிக்க நன்றி. இன்ஜின் அணைத்து எத்தனை கிளாஸ் அரைக்கலாம்? சின்ன சில்லரும் (குளிர்பெட்டியும்) இதில் போடலாமா?

செந்தூல்_வயர்மேன்
ஒரு கிளாஸுக்கு ஒரு நிமிஷம் 60 ஆம்பியரில் அரைத்தால் ஒரு ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) போகும். உங்கள் பேட்டரி 70 ஆம்பியர்-மணி என்றால் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, அது வண்டியை ஸ்டார்ட் பண்ணச் செய்த பேட்டரி, அடிக்கடி ஆழமாக இறக்கினால் செத்துப்போகும். ஆக 30 கிளாஸை எல்லையாக வையுங்கள், விளக்கும் எரிந்தால் இன்னும் குறைவு. பிளெண்டர் சும்மா இருக்கும்போது மீட்டர் 12.2 காட்டினால் இன்ஜினைப் போடுங்கள், திறந்த வெளியில் மட்டும், மூடிய இடத்தில் புகை ஆளைக் கொன்றுவிடும்.

சில்லர் வேண்டாம். அங்கேதான் பிறை அண்ணன் முதலில் சொன்ன பியூர் சைன் வேவ் உண்மையிலேயே தேவைப்படும், கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு ஆம்பியர் இழுக்கும், மோடிஃபைட் அலையில் மோட்டாரும் சூடேறும். இப்போதைக்கு ஐஸ் பெட்டி. பிறகு கையில் காசு வந்தால் தனி லித்தியம் பேட்டரி ஒன்று, அதையும் ஆல்டர்னேட்டரில் நேராகக் கோக்காமல் ஆம்பியரை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வழியாகப் போடுங்கள். லித்தியம் கொடுப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் வெந்துவிடும்.