81 வயது அம்மிச்சிக்கு ஆஞ்சியோ செய்வதா, மருந்திலேயே பார்ப்பதா?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. அம்மிச்சி கோபிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார், போன வாரம் வரைக்கும் எருமைக்குத் தட்டு அறுத்துப் போட்டவர். முந்தாநாள் ராத்திரி நெஞ்சை அடைக்குதுன்னு சொல்லி வேர்த்துக் கொட்டவும் ஈரோட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஈசிஜியில் எஸ்டி என்கிற பகுதி ஏறவில்லை, இதயத் தசை அடிபட்டதைக் காட்டுகிற ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, என்ஸ்டெமி வகை ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். இப்போது வலி இல்லை, பிரஷர் சரியாக இருக்கிறது, கிட்னி நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் மட்டும் கூடுதல், 1.8. இங்கே ஆஞ்சியோ, அதாவது டை மருந்து செலுத்தி இதய ரத்தக்குழாயைப் படம் பிடிப்பது, செய்து, தேவைப்பட்டால் அடைப்பை விரித்து வைக்கிற ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த கோயமுத்தூர் டாக்டர் மருந்தே போதும் என்கிறார். பெரிய மாமா வைக்கச் சொல்கிறார், சின்ன மாமா கூடவே கூடாது என்கிறார். யாருக்காவது விவரம் தெரிந்தால் சொல்லுங்க.

சந்தைக்கடை:
யோசிக்கவே வேண்டாமுங்க, வெச்சிருங்க. எங்க அப்பாருக்கு ராத்திரியோட ராத்திரியா வெச்சாங்க, இன்னைக்கும் டிவிஎஸ் 50 எடுத்துக்கிட்டு சந்தைக்குப் போறாரு.

சிசியூ நர்ஸ்:
ராத்திரியோட ராத்திரியாக வைத்தார்கள் என்றால் அநேகமாக அது ஈசிஜியில் எஸ்டி ஏறுகிற ஸ்டெமி வகை அட்டாக்காக இருக்கும், இதோடு சேர்க்காதீங்க. அதில் ரத்தக்குழாய் முழுசாக அடைபட்டிருக்கும், ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கும், அதனால் உடனே பலூன் விட்டு அடைப்பைத் திறக்கணும், அதற்கு வசதி பக்கத்தில் இல்லையென்றால் 12 மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கிற ஊசி. அங்கே விவாதமே கிடையாது. என்ஸ்டெமியில் பெரும்பாலும் கொஞ்சமாவது ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், யோசிக்க நேரம் இருக்கிறது. அபாயம் அதிகம் என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்யச் சொல்வார்கள். ஆனால் வலி திரும்ப வந்தாலோ, பிரஷர் இறங்கினாலோ, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கினாலோ, துடிப்பு தாறுமாறானாலோ மாமாக்கள் ஒத்துப்போகும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஞ்சியோ செய்கிற கேத் லேப்தான்.

வயதானவர்களுக்கு என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது, சீனியர்-ரீட்டா, 2024-ல் வெளிவந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 1518 என்ஸ்டெமி நோயாளிகளைச் சுமார் நான்கு வருடம் பார்த்தார்கள். இதயக் கோளாறில் இறந்தவர்கள், மறுபடி அட்டாக் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தால் ஆஞ்சியோ வழியில் 25.6 சதவீதம், மருந்து வழியில் 26.3. கிட்டத்தட்ட ஒன்றுதான். மறு அட்டாக்கை மட்டும் எடுத்தால் ஆஞ்சியோ பக்கம் குறைவு, 11.7-க்கு 15. அதனால் இரண்டு டாக்டரும் தப்பாகச் சொல்லவில்லை. அப்புறம், மருந்து என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசி, ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் உறையாத மாத்திரை, கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் எல்லாம் ஒழுங்காக ஓடணும்.

பெருந்துறை மருமகன்:
எங்கள் மாமியாருக்கும் கிட்னி கொஞ்சம் மந்தம், அதனால் முதலில் மருந்துதான். அப்புறம் நாலு எட்டு நடந்தாலே நெஞ்சு பிடிக்க ஆரம்பித்தது, டை அளவைக் குறைத்து ஆஞ்சியோ செய்தார்கள், கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீங்க, 1.8 என்றால் அம்மிச்சியின் எடைக்கும் வயதுக்கும் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்க. ஆஞ்சியோ செய்தாலே ஸ்டென்ட் வைத்தாகணும் என்றும் இல்லை, பார்த்துவிட்டு மருந்தே போதும் என்று விடுவதும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்க. ஆமா, இவ்வளவு பேசுகிறோமே, அம்மிச்சி என்ன சொல்கிறார்?

கோபிக்காரன்:
இப்போதுதான் கேட்டேனுங்க. “நெஞ்சைக் கிழிக்கறதுன்னா வேண்டாஞ் சாமி, நான் சாளைக்கே போயிக்கறேன்” என்கிறார்.

சிசியூ நர்ஸ்:
அவர் பைபாஸை நினைத்துக்கொண்டிருக்கிறார். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு மெல்லிய குழாய் விடுவதுதான், நெஞ்சில் கத்தி படாது, முழித்துக்கொண்டே இருப்பார் என்று டாக்டரையே அவரிடம் நேரில் சொல்லச் சொல்லுங்க. மாமாக்கள் வெளியே நிற்கட்டும்.